கீபோர்டு மாட்டிய டேப்லெட் லேப்டாப் ஆகுமா? அக்காவின் எட்டு வாரக் கணக்கு

அக்காவின் லேப்டாப்புக்குக் கீல் விட்டுப்போனது ஜனவரி மாதத்தில். திரையைத் தூக்கினால் இடது மூலை பிளந்துகொண்டு உள்ளே ஒயர் தெரியும். சுவரில் சாய்த்து வைத்துத்தான் வேலை பார்த்தார். 15.6 அங்குலத் திரை, ஏழு வருடப் பழசு, சார்ஜரோடு தூக்கினால் மூன்று கிலோவை நெருங்கும். பேட்டரி நாற்பது நிமிடம் தாங்கினால் அதிகம்.

அக்காவின் தொழில் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு நூல்கள், தொண்டு நிறுவனங்களின் கையேடுகள், நடுநடுவே பதிப்பகங்கள் அனுப்பும் மெய்ப்புகள். மதுரையில் வீட்டில் உட்கார்ந்தே செய்கிற வேலைதான். ஆனால் டிசம்பரில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை செயலிழந்தது. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி. அங்கே பெஞ்சில் காத்திருப்பு, சிகிச்சை, அப்புறம் ஆட்டோவுக்குக் காத்திருப்பு என்று ஒவ்வொரு தடவையும் மூன்று மணி நேரம் போய்விடும். வாரத்துக்கு ஒன்பது மணி நேரம். அக்காவுக்கு அது ஒரு முழு வேலைநாளுக்கும் மேல்.

“அந்த பெஞ்சுல லேப்டாப்பை வச்சு என்னால அடிக்க முடியாதுடா. கீபோர்டு போட்ட டேப்லெட்டெல்லாம் விக்குதே, அதுல என் வேலை ஓடுமா?” என்று கேட்டார்.

நான் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன். வாரத்துக்கு ஒருவராவது கடைக்கு வந்து இதே கேள்வியைக் கேட்கிறார். இந்த முறை உத்தேசமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்காவின் வருமானம் இதில் இருக்கிறது. அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். எட்டு வாரம் டேப்லெட்டில் மட்டும் வேலை. பழைய லேப்டாப் அலமாரிக்குள் போய்விடும். டேப்லெட்டால் முடியாமல் அதை வெளியே எடுக்க நேர்ந்தால், ஒரு நோட்டில் தேதி போட்டுக் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வாங்கியதும் மடியில் வைத்ததும்

வாங்கியது 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட். 8 ஜிபி ரேம், பெட்டியிலேயே பேனா, விலை 31,000 ரூபாய். கீபோர்டு உறை தனியாக 5,500.

உறையில் இரண்டு வகை உண்டு. ஒன்று ப்ளூடூத்தில் இணைவது. இன்னொன்று டேப்லெட்டின் விளிம்பில் இருக்கும் சின்ன உலோகப் புள்ளிகளில் காந்தமாக ஒட்டிக்கொண்டு, மின்சாரத்தையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்வது. முதலில் தெரிந்தவர் ஒருவரிடம் ப்ளூடூத் உறையை மூன்று நாள் இரவல் வாங்கிப் பார்த்தோம். சிறிது நேரம் கை வைக்காமல் இருந்தால் அது பேட்டரியை மிச்சம்பிடிக்கத் தூங்கிவிடும். மறுபடி தட்டும்போது விழித்துக்கொள்வதற்குள் முதல் எழுத்து காணாமல் போகும். மொழிபெயர்ப்பவர் யோசித்து யோசித்து அடிப்பவர், நிறுத்தி நிறுத்தித்தான் விரல் ஓடும். ஒரு சட்ட உதவிக் கையேட்டில் அக்கா “அநீதி” என்று தொடங்கிய வாக்கியம் “நீதி” என்று பதிவாகியிருந்தது. எழுத்துப்பிழை திருத்தி இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் பிழையே இல்லை. இரண்டாம் வாசிப்பில் அக்காதான் பிடித்தார். அன்றே அந்த உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காந்தமாக ஒட்டும் வகையை வாங்கினோம். எழுத்துதான் பிழைப்பு என்றால் இந்த வகையைத்தான் வாங்க வேண்டும் என்று அடித்துச் சொல்வேன்.

அடுத்தது மடி. லேப்டாப்பில் பேட்டரி, சில்லுகள் எல்லாம் விசைப்பலகைக்கு அடியில் இருக்கின்றன. திரை வெறும் மூடிதான். டேப்லெட்டில் மொத்தக் கனமும் திரைக்குப் பின்னால். கீழே இருக்கும் உறை லேசாக இருந்தால் திரை பின்பக்கமாகச் சாயும். சாயாமல் இருக்க இரண்டே வழி: பின்னால் ஒரு முட்டுக்கால் கொடுப்பது, அல்லது கீழ்ப்பாகத்தை வேண்டுமென்றே கனமாக்குவது. 2020இல் ஆப்பிள் இரண்டாவது வழியில் போனது. அந்த வருடத்து 12.9 அங்குல ஐபேட் புரோ 641 கிராம். அதற்கான மேஜிக் கீபோர்டு சுமார் 700 கிராம், டேப்லெட்டை விடக் கனம். இரண்டும் சேர்ந்து 1.3 கிலோவைத் தாண்டும். அதே வருடத்து மேக்புக் ஏர் லேப்டாப் 1.29 கிலோ. ஆக, லேசாக இருக்கும் என்று மட்டும் நினைத்து டேப்லெட் வாங்குகிறவர்கள், உறையையும் சேர்த்துத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அக்காவுடையது முட்டுக்கால் வகை. உறையும் சேர்த்து ஒரு கிலோவுக்குள் அடங்கியது. ஆனால் முட்டுக்காலுக்கு மடியில் நீளம் பற்றாது, முழங்கால் ஓரத்தில் வழுக்கும். முதல் நாள் இரண்டு முறை விழப்பார்த்தது. மூன்றாம் நாள் அக்கா வீட்டிலிருந்து ஒரு பரீட்சை அட்டையை எடுத்துப்போனார், தலையில் கிளிப் வைத்த அதே பழைய அட்டை. முட்டுக்காலின் விளிம்பு அந்தக் கிளிப்பில் முட்டி நின்றுகொண்டது. அன்றைக்குப் பிறகு மடிப் பிரச்சினை நோட்டில் வரவே இல்லை.

ழ எங்கே போனது

நான் எதிர்பார்க்காத இடத்தில் பெரிய தொல்லை வந்தது. முதல் வாரம் அக்கா போனில் கூப்பிட்டார்: “டேய், ழ அடிச்சா கர்சர் மேல் வரிக்குப் போகுதுடா.”

அக்கா தமிழ்99 முறையில் அடிப்பவர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்து, தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். பழகிவிட்டால் அதைப் போல் வேகமானது வேறில்லை என்பது என் கட்சி. “பந்து” என்று அடிக்கும்போது ந்-க்குப் புள்ளி தானாக விழும். “பக்கம்” என்றால் க-வை இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குத் தானே புள்ளி வந்துவிடும்.

ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. உயிர் 12, மெய் 18, புள்ளி 1. மொத்தம் 31 விசைகள். ஆங்கில எழுத்து விசைகளோ 26. மிச்சம் ஐந்து எழுத்துகள் ஆங்கிலத்தின் நிறுத்தக்குறி விசைகளில் குடியிருக்கின்றன. அரைப்புள்ளியில் ந. மேற்கோள்குறியில் ய. இரண்டு சதுர அடைப்புக்குறிகளில் ச-வும் ஞ-வும். சாய்கோட்டில் ழ.

இப்போது அளவைப் பார்ப்போம். முழு அளவு விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். எழுத்து விசைகள் உள்ள வரிசை ஒன்று பதினைந்து விசை அகலம், அதாவது கிட்டத்தட்ட 28.5 சென்டிமீட்டர். 11 அங்குல டேப்லெட்டின் நீளவாட்டு அகலமே 25 சென்டிமீட்டர்தான். குறைகிற மூன்றரை சென்டிமீட்டரை எங்கே வெட்டுவது? ஆங்கிலத்தில் அடிக்கடி தேவைப்படாத வலது ஓரத்தில் வெட்டுகிறார்கள். அடைப்புக்குறிகளும் மேற்கோள்குறியும் பாதி அகலத்துக்குச் சுருங்குகின்றன. சாய்கோட்டை ஒதுக்கிவிட்டு அந்த இடத்துக்குப் பக்கத்தில் மேல் அம்புக்குறியைச் செருகுகிறார்கள். ஆங்கிலம் அடிப்பவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தமிழ் அடிப்பவருக்கு ச, ஞ, ய, ழ நான்கும் சுண்டுவிரலுக்குக் கீழே சுருங்கிப்போகின்றன. அக்காவின் உறையில் ழ-வுக்குப் போன விரல் மேல் அம்புக்குறியைத் தொட்டது. கர்சர் மேல் வரிக்குத் தாவியது. அடுத்து அடித்த மூன்று சொற்கள் முந்தைய வாக்கியத்தின் நடுவில் போய் விழுந்தன.

கீபோர்டு உறைகளைப் பற்றி எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. தமிழ்99 அடிப்பவர்கள் கடையில் உறையைக் கையில் வாங்கியதும் முதலில் வலது ஓரத்தைப் பாருங்கள். ச, ஞ, ய, ழ உட்காரும் நான்கு விசைகளும் மற்றவற்றின் அகலத்திலேயே இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். 13 அங்குல டேப்லெட் என்றால் அகலம் 28 சென்டிமீட்டரை எட்டும், அங்கே இந்த வெட்டு குறைவு. ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்தொலியை வைத்துத் தமிழ் அடிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது. அவர்களுக்கு அந்த 26 விசைகளே போதும்.

மென்பொருள் பக்கத்திலும் ஒரு மாலை நேரம் செலவானது. திரையில் தோன்றும் தமிழ் விசைப்பலகை உடனே கிடைத்தது. மாட்டிய கீபோர்டில் தமிழ்99 வரவில்லை. கீமேன் என்ற இலவசச் செயலியை நிறுவி, அதில் தமிழ்99 அமைப்பை ஏற்றிய பிறகுதான் சரியானது. முதல் வாரம் அக்காவால் வழக்கமான அளவில் பாதிதான் முடிக்க முடிந்தது. மூன்றாம் வாரம் கை பழகிவிட்டது. வீட்டில் இருக்கும்போது மட்டும் சாதாரண முழு அளவு யுஎஸ்பி கீபோர்டு ஒன்றை டேப்லெட்டில் செருகிக்கொண்டார். எண்ணூறு ரூபாய் கீபோர்டு. நோட்டில் அதைப் பற்றி ஒரே வரி: “ழ திரும்பி வந்துவிட்டது.”

பெஞ்சில் ஓடிய வேலை

ஓடியதைச் சொல்லாமல் தடங்கலை மட்டும் எழுதினால் நியாயமாகாது. திரையின் இடப்பாதியில் மூலநூலின் பிடிஎஃப், வலப்பாதியில் வேர்டு. சொல் தேட வேண்டும் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இருக்கிறது, ஒரு தட்டில் வந்துவிடும். காலையில் கிளம்பும்போது நிரம்பிய பேட்டரி சாயங்காலம்வரை நின்றது. எட்டு வாரத்தில் “வேகம் போதவில்லை” என்று நோட்டில் ஒரு வரிகூட இல்லை. விற்பனையாளர்கள் சில்லின் வேகத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். அக்காவின் வேலைக்கு அது ஒரு கேள்வியே இல்லை.

லேப்டாப்பை டேப்லெட் தூக்கிச் சாப்பிட்ட இடம் மெய்ப்பு. முன்பெல்லாம் பதிப்பகத்திலிருந்து வரும் பிடிஎஃபை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவார். இப்போது பிடிஎஃப் மேலேயே பேனாவால் எழுதுகிறார். ஒற்று விட்டுப்போன இடத்தில் ஒரு கூரை, நீக்க வேண்டிய இடத்தில் சுழி, ஓரத்தில் திருத்தம். அதே குறிகள், அதே கையெழுத்து. லேப்டாப்பில் இதைச் செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு குறிப்புப் பெட்டியைத் திறந்து தட்டச்ச வேண்டும். வடிவமைப்பாளரும் ஓரத்தில் எழுதிய திருத்தத்தையே விரும்புகிறார், கண்ணில் உடனே படுகிறதாம்.

பெட்டியில் போடாத ஒரு செலவும் உண்டு. வேர்டு செயலியில் இலவசமாகத் திருத்தலாம் என்பது 10.1 அங்குலத் திரைவரைதான். அதற்கு மேல் போனால் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்ட வேண்டும். பழைய லேப்டாப்பில் ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிய வேர்டு இருந்தது. 11 அங்குலம் வாங்கியதால் இது வருடாந்தரச் செலவாகிவிட்டது. வாங்குமுன் தெரிந்திருந்தால் கணக்கில் சேர்த்திருப்போம்.

இருபத்து மூன்று தடவை

எட்டு வாரத்தில் அலமாரியிலிருந்து லேப்டாப் 23 முறை வெளியே வந்தது. 9 முறை பழைய எழுத்துருக் கோப்புகள். 6 முறை மேக்ரோ, அதாவது வேர்டுக்குள் தானாக ஓடித் திருத்தும் சின்ன நிரல். 4 முறை அச்சுக்குப் போகும் கோப்பில் பக்க அமைப்பு கலைந்தது. 3 முறை ஏதோ ஓர் இணையதளம் அல்லது படிவம். 1 முறை இரண்டு வேர்டு கோப்புகளை ஒப்பிட வேண்டியிருந்தது, அந்த வசதி டேப்லெட்டின் வேர்டில் இல்லை.

ஒன்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு வருவதற்கு முன் தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்துத்தான் கணினியில் அச்சிட்டோம். பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். “தமிழ்” என்ற சொல் அதில் உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். ஜே இருக்கும் இடத்தில் அந்த எழுத்துரு த-வை வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ். இல்லாத கணினியில் அர்த்தமில்லாத ஆங்கிலம். 2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் அச்சுத் தொழிலில் பழைய கோப்புகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. மறுபதிப்புக்கு வரும் நூல்கள், இருபது வருடத்துக்கு முன் பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் கட்டியவை, அதிலிருந்து உருவி வேர்டில் ஒட்டியவை. இவை அக்காவிடம் வாரத்துக்கு ஒன்றாவது வரும். டேப்லெட்டில் திறந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஜேவும் கேவும்தான்.

“இணையத்திலேயே எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றனவே, ஒட்டி எடுக்கலாமே” என்று நானும் சொன்னேன். அக்கா ஒரு பக்கத்தை ஒட்டிக் காட்டினார். தமிழ் யூனிகோடாக வந்தது. நடுவில் இருந்த ஆங்கில நூற்பெயர்களும் அடிக்குறிப்பின் ஆங்கிலமும் கூடத் “தமிழாகி” விட்டன, வாசிக்க முடியாத தமிழ். காரணம் எளிது. எது தமிழ், எது ஆங்கிலம் என்ற தகவல் எழுத்தில் இல்லை, எழுத்துருவில்தான் இருக்கிறது. வெறும் எழுத்தை வெட்டி ஒட்டும்போது அந்தத் தகவல் உதிர்ந்துவிடுகிறது. லேப்டாப்பில் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பாமினி என்று குறித்த பகுதிகளை மட்டும் தேடி மாற்றலாம். மேற்கோள் நிறைந்த ஆய்வு நூல் ஒன்றைக் கையில் வாங்கியவருக்குத்தான் தெரியும், இது எத்தனை நாள் உழைப்பைக் காப்பாற்றுகிறது என்று.

மேக்ரோ ஆறும் இதற்குப் பங்காளிதான். யூனிகோடில் வந்த கோப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இருக்கும். “எ” என்ற உயிரெழுத்துக்குப் பதிலாக அதே உருவில் இருக்கும் “௭” என்ற ஏழாம் இலக்கம் விழுந்திருக்கும். “ஔ” இருக்க வேண்டிய இடத்தில் ஒ-வும் ள-வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தேடினால் கிடைக்காது, சொல்லடைவு தயாரித்தால் தப்பாக வரும். இவற்றைத் திருத்த அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்த ஒரு மேக்ரோ உண்டு, ஒரு பொத்தானை அமுக்கினால் நூல் முழுவதும் சுத்தமாகும். மேக்ரோ ஆண்ட்ராய்டு வேர்டிலும் ஓடாது, ஐபேட் வேர்டிலும் ஓடாது. விலை உயர்ந்த டேப்லெட் வாங்கியிருந்தாலும் இதே கதைதான்.

பக்க அமைப்பு கலைந்த நான்கும் எழுத்துருவால்தான். கோப்பில் குறித்த எழுத்துரு டேப்லெட்டில் இல்லாததால் வேறொன்று வந்து உட்காருகிறது. அகலம் மாறுகிறது, வரி மாறுகிறது, 180 பக்கம் 187 ஆகிறது. பொருளடக்கத்தில் பக்க எண் பார்க்கிற நாளில் அது ஆகாது.

நோட்டை மூடிவிட்டு இருவரும் உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அக்கா தனியாக உட்கார்ந்து எழுதும்போதோ படிக்கும்போதோ திருத்தும்போதோ ஒரு தடவைகூட லேப்டாப் தேவைப்படவில்லை. தடங்கல் எல்லாம் கொடுக்கல் வாங்கலில். இன்னொருவரின் கோப்பு உள்ளே வரும் இடத்தில், இன்னொருவரின் அச்சகத்துக்கு வெளியே போகும் இடத்தில்.

பெரிய அளவில் இதே அனுபவம்

இதே பாடத்தை 2012இல் மைக்ரோசாஃப்ட் பெரும் விலை கொடுத்துப் படித்தது. அந்த வருடம் அக்டோபர் 26ஆம் தேதி முதல் சர்ஃபேஸ் டேப்லெட் விற்பனைக்கு வந்தது. பின்னால் முட்டுக்கால், காந்தமாக ஒட்டும் கீபோர்டு உறை, உள்ளேயே ஆஃபீஸ். இன்று நாம் கடையில் பார்க்கும் உருவம் கிட்டத்தட்ட அப்போதே முழுதாக இருந்தது. பெயரும் விண்டோஸ்தான், விண்டோஸ் ஆர்டி. ஆனால் அது கைபேசிகளில் இருக்கும் ஏஆர்எம் வகைச் சில்லில் ஓடியது. பல வருடமாக மக்கள் விண்டோஸில் பயன்படுத்திவந்த மென்பொருள்கள் எதையும் அதில் நிறுவ முடியாது. வாங்கியவர்கள் தங்கள் பழைய நிரலைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. 2013 ஜூலையில் அந்த டேப்லெட்டுக்காக நிறுவனம் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

2013 பிப்ரவரியில் வந்த சர்ஃபேஸ் புரோ தடிமனானது, கனமானது, ஆனால் இன்டெல் சில்லில் முழு விண்டோஸ் ஓடியது. நிலைத்தது அதன் வம்சம்தான். 2014இல் சர்ஃபேஸ் புரோ 3ஐ “லேப்டாப்புக்கு மாற்றாகக்கூடிய டேப்லெட்” என்றே விளம்பரம் செய்தார்கள். 2024இல் மறுபடி ஏஆர்எம் சில்லோடு சர்ஃபேஸ் புரோ வந்தபோது, பழைய மென்பொருளை ஓடவைக்க பிரிசம் என்ற மொழிமாற்றி அடுக்கையும் கூடவே கொண்டுவந்தார்கள். அக்காவுக்கு அப்படி ஒரு விண்டோஸ் டேப்லெட் வாங்கியிருந்தால் 23 தடங்கலில் பெரும்பாலானவை வந்திருக்காது. விலையும் உறையும் சேர்ந்து எங்கள் கைக்கு எட்டவில்லை. அது ஒருவகையில் கீபோர்டைக் கழற்றி மாட்டக்கூடிய லேப்டாப்தான்.

ஆப்பிளும் அங்குலம் அங்குலமாக அதே திசையில் வந்திருக்கிறது. 2015இல் 12.9 அங்குல ஐபேட் புரோவும் கீபோர்டு உறையும். 2020 மார்ச்சில் சுட்டிக்கும் தொடுபலகைக்கும் முழு ஆதரவு. 2025இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26இல் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து வைக்கும் சன்னல்களும் மேலே மெனு பட்டையும். தோற்றத்தில் இனிப் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லலாம். பாமினிக் கோப்பு மட்டும் அங்கேயும் தானாகத் தமிழ் பேசாது.

கடைக்கு வந்து கேட்பவர்களுக்கு

இப்போது என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: யாரிடமிருந்து என்ன கோப்பு வருகிறது, யாருக்கு என்னவாகப் போகிறது? டேலி பிரைமில் கணக்கு எழுதுபவர் என்றால் அங்கேயே பேச்சு முடிந்தது, அது விண்டோஸுக்கான மென்பொருள். யுஎஸ்பி டோக்கனில் டிஜிட்டல் கையொப்பம் போடுபவர்களுக்கும் அப்படித்தான், டோக்கனுக்கு வேண்டிய இயக்கி மென்பொருள் கணினிக்குத்தான் வருகிறது. பாடம் படிக்க, குறிப்பெடுக்க, வகுப்பு கேட்க என்று வருகிற பள்ளிப் பிள்ளைக்கு டேப்லெட்டும் பேனாவும் தாராளமாகப் போதும். கல்லூரியில் நிரல் எழுதுகிற பிள்ளைக்குப் போதாது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி, விருப்பப்படி எது வேண்டுமோ அதைத் தருவதாக அறிவித்தது. அந்தச் செய்தி வந்த வாரம் நான்கு பெற்றோர் கடைக்கு வந்து எதைக் கேட்பது என்றார்கள். நால்வருக்கும் ஒரே பதில் சொல்லவில்லை. தமிழிலக்கியம் படிக்கிற பெண்ணுக்கும் கணினி அறிவியல் படிக்கிற பையனுக்கும் கொடுக்கல் வாங்கல் வேறு.

இப்போதைய ஏற்பாடு

எட்டு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பழைய லேப்டாப்பைப் பிரித்தேன். கீல் மாற்றி, பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். பொருளுக்கு மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. அது இனி மேசையை விட்டு நகராது, சார்ஜரும் எப்போதும் செருகியே இருக்கும். வருகிற கோப்பு முதலில் அங்கே இறங்கி யூனிகோடாகிறது. அப்புறம் டேப்லெட்டுக்குப் போகிறது. எழுதுவதும் திருத்துவதும் பெஞ்சில். முடிந்ததும் மறுபடி மேசைக்கு வந்து, மேக்ரோவில் ஓடி, பக்க எண் சரிபார்த்து அச்சகத்துக்குப் போகிறது.

இரவில் அதே டேப்லெட்டில் பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சிக் காணொளியைப் போட்டு அம்மாவுக்குக் கை பழக்குகிறார்கள். பரீட்சை அட்டையை நிமிர்த்தி வைத்து அதன்மேல் சாய்த்துவிடுகிறார்கள்.

நோட்டை நிறுத்திவிடலாம் என்று சொன்னேன். அக்கா நிறுத்தவில்லை. போன புதன்கிழமை போனபோது எடுத்துப் புரட்டினேன். லேப்டாப் எடுத்த கணக்கு இருந்த பக்கங்களுக்குப் பின்னால் புதிதாக ஒரு பத்தி தொடங்கியிருந்தது. தேதி போட்டு, கீழே அக்காவின் சின்ன எழுத்தில்: “மெய்ப்பு 64 பக்கம். அம்மா வெளியே வருவதற்குள் முடிந்தது.”